பனிக்குள் புதைந்துபோன புதிர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீலகிரியின் குந்தா வட்டாரத்தில் உள்ள ஒரு வாசிப்பு வட்டத்தினர், மழைக்காக விடுமுறை விடப்பட்ட ஒரு நாளில், பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஜப்பானிய அனிமேஷன் துப்பறியும் படம் ஒன்றைத் திரையிட்டிருக்கிறார்கள். கோனன் வரிசையில் 2011 ஏப்ரலில் வெளிவந்த 15-ஆவது படமான ‘மௌனத்தின் பதினைந்து நிமிடம்’ அது. பார்த்தவர்களும் அவர்களிடம் கேட்டு வீட்டில் போட்டுப் பார்த்தவர்களும் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் ஏமாற்றமே தொனிப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு படத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். குற்றவாளி யார் என்பதை எந்தப் பதிலிலும் சொல்லவில்லை. படத்தை இனிமேல் பார்க்க இருப்பவர்களும் தயங்காமல் படிக்கலாம்.

மஞ்சூரிலிருந்து ஓர் ஆசிரியை: என் மாணவர்கள் கோனன் தொலைக்காட்சித் தொடரை விரும்பிப் பார்ப்பவர்கள். இந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். ஆனால் திரும்பி நடந்து வரும்போது ஒரு சிறுமி, “மிஸ், கோனன் கண்டுபிடித்துவிட்டான். நாம் கண்டுபிடிக்க எதுவுமே இல்லையே?” என்று கேட்டாள். எனக்கும் அதே மனக்குறைதான். குறை படத்தில் இருக்கிறதா, எங்கள் எதிர்பார்ப்பில் இருக்கிறதா?

பதில்: குறை படத்தில்தான் இருக்கிறது. அந்தச் சிறுமி அதைச் சரியான இடத்தில் தொட்டுவிட்டாள்.

தொடரை அறியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கோஷோ அவோயாமா 1994-இல் தொடங்கிய சித்திரக்கதை இது. 1996 ஜனவரியில் தொலைக்காட்சிக்கும் 1997-இல் திரையரங்குக்கும் வந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவனும் கெட்டிக்காரத் துப்பறிவாளனுமான ஷினிச்சி குடோ, கறுப்பு உடை மனிதர்கள் புகட்டிய நஞ்சினால் உடல் சுருங்கி 7 வயதுச் சிறுவனாகிவிடுகிறான். அறிவும் நினைவும் மட்டும் பழையபடியே இருக்கின்றன. கோனன் என்ற புதுப் பெயரில், தன் தோழி ரானின் வீட்டிலேயே, தான் யார் என்பதை அவளிடம் மறைத்துக்கொண்டு அவன் வளர்கிறான். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொடரைத் தாங்கி நிற்பது இந்த ஒளிவுமறைவில் உள்ள வலிதான்.

இனி இந்தப் படத்துக்கு வருவோம். தலைநகரில் புதிய சுரங்க ரயில் தடத்தின் திறப்பு நாளில் குண்டு வெடிக்கிறது. தலைநகரின் ஆளுநர் முன்பு அமைச்சராக இருந்த காலத்தில், நிகாத்தா மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றை மூழ்கடித்து ஓர் அணை கட்டப்பட்டது. அந்தப் பழைய பகைதான் காரணமோ என்று ஐயுற்று, கோனனும் உடனிருப்போரும் பனி மூடிய அந்த ஊருக்குப் போகிறார்கள். இடம்பெயர்ந்த மக்கள் வேறிடத்தில் புது ஊர் அமைத்து வாழ்கிறார்கள். சிறு வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்த நண்பர்கள் சிலர் ஆண்டுகள் பல கழித்து அங்கே மறுபடி கூடுகிறார்கள். அதே சமயத்தில், 8 ஆண்டுகளாக நினைவற்றுக் கிடந்த சிறுவன் ஒருவன் கண் விழிக்கிறான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்தச் சிறுவன் நினைவிழந்தபோது அவனுக்கு வயது 7, விழிக்கும்போது 15. குரல் மாறிவிட்டது, கைகால்கள் நீண்டுவிட்டன, உள்ளம் மட்டும் 7 வயதிலேயே நிற்கிறது. அவனுக்கு எதிரே நிற்கும் கோனனுக்கு உடலின் வயது 7, உள்ளம் அதைவிடப் பத்து வயது மூத்தது. ஒருவன் இழந்ததை மற்றவன் சுமக்கிறான் என்று சொல்லத்தக்க இப்படியொரு சந்திப்பு, இத்தனை படங்களில் இதைப் போல் இன்னொன்று அமையவில்லை என்றே நினைக்கிறேன். தன் வயதொத்த பழைய நண்பர்கள் வளர்ந்துவிட்டதை அவன் எப்படி ஏற்கிறான், 8 ஆண்டுகளுக்கு முன் அன்று என்ன கண்டான், கண்டதைச் சொல்ல 7 வயதுப் பிள்ளையின் சொற்கள் போதுமா, அந்தச் சொற்களைப் பெரியவர்கள் நம்புவார்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போகலாம். இவை ஒவ்வொன்றும் உணர்ச்சிக்கும் இடம் தருபவை, துப்பறிவுக்கும் வழி திறப்பவை. கோனன் ஒருவனால்தான் அந்தச் சிறுவனை உண்மையாகப் புரிந்துகொள்ள முடியும்; அந்தப் புரிதலே வழக்கின் திறவுகோலாக அமைந்திருந்தால் படம் எங்கோ போயிருக்கும்.

படம் இதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறது. முக்கியமான செய்திகள் நாம் கண்ணால் காணும் தடயங்களாக வராமல், யாரோ ஒருவர் எடுத்துரைக்கும் பழங்கதையாக வருகின்றன. நண்பர்கள் கூட்டத்தில் ஒருவரையாவது விரும்பவோ ஐயப்படவோ நமக்கு நேரம் தரப்படவில்லை. ஆகையால் குற்றவாளியின் பெயர் வெளியாகும்போது, “ஓ, இவரா!” என்ற அதிர்ச்சியும் இல்லை, “அப்போதே நினைத்தேன்” என்ற நிறைவும் இல்லை. குற்றத்தின் நோக்கம் ஒரு மனிதனின் சிறிய கணக்கு. அதற்காக அவன் தேர்ந்தெடுக்கும் வழியோ ஓர் அணையையே தகர்ப்பது. இந்தப் பொருத்தமின்மையைப் பாத்திரத்தின் மனநிலையால் நிரப்பியிருக்கலாம். படம் அதை வெடிச் சத்தத்தால் நிரப்புகிறது.

மூழ்கிய ஊரும் அப்படித்தான் வீணாகிறது. நம் மலையிலிருந்து இறங்கும் பவானியும் மாயாறும் போய்ச் சேரும் பவானிசாகர் அணையில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், டணாயக்கன்கோட்டையின் பழைய கோயில் வெளியே தெரிவதும், அதைக் காண மக்கள் திரள்வதும் உங்களில் பலருக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர் இருக்கிறது என்ற நினைப்பே ஒரு மர்மக் கதைக்குப் பாதி பலம். அங்கே எதை விட்டுவிட்டு வந்தார்கள், வர மறுத்தவர் யார், வந்தபின் மனம் ஒட்டாதவர் யார் என்று கேட்கத் தொடங்கினாலே பாத்திரங்கள் உயிர் பெற்றுவிடும். படத்தில் அந்த ஊர் சில வசனங்களில் மட்டுமே இருக்கிறது.

எமரால்டிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அணை தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியபோது இரவு முழுவதும் உறங்காமல் இருந்தவர்கள் நாங்கள். படத்தில் உடைந்த அணையின் வெள்ளத்தை, பனிச்சறுக்குப் பலகையில் பாய்ந்து போகும் சிறுவன் பனிச்சரிவை உண்டாக்கித் திசைதிருப்புகிறான். இது நடக்கக்கூடியதா?

பதில்: முன்பாதி நடக்கக்கூடியது, பின்பாதி நம்புவதற்கு மிகவும் கடினமானது.

பனிச்சரிவைக் கோனன் உண்டாக்குவதில் பிழையில்லை. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் நிகழ்கின்றன. அடியில் வலுவற்ற அடுக்கு ஒன்று இருந்தால், மேலே போகும் ஒரு மனிதனின் எடையே முழுச் சரிவையும் பெயர்க்கப் போதும். உயிர்ப்பலி வாங்கும் சரிவுகளில் பத்துக்கு ஒன்பதை, சிக்கிக்கொண்டவரோ அவருடன் சென்றவரோதான் தூண்டியிருக்கிறார்கள் என்பது அத்துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது. பனியில் முழுதாகப் புதைந்தவரை முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதன் பிறகு அது கிடுகிடுவென்று விழுந்துவிடும் என்பதும் மருத்துவ உண்மை. படத்தின் பெயரும், பனியில் புதைந்துபோன கோனனை நண்பர்கள் தேடும் கடைசித் தேடலும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன. அந்தத் தேடலில் நண்பர்களின் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கி, வெள்ளைப் பரப்பு மட்டும் எஞ்சுகிறதே, அதுவே படத்தின் சிறந்த பகுதி.

வெள்ளத்தைத் தடுப்பது வேறு விஷயம். விழுந்து இறுகிய சரிவுப் பனியின் அடர்த்தி பொதுவாக நீரின் அடர்த்தியில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். அது தண்ணீரில் மிதக்கும் பொருள். உடைந்த அணையிலிருந்து பாயும் வெள்ளத்துக்கு எதிரே அதைக் கொட்டினால், பனியும் நீரும் கலந்த கனத்த சேறாக எல்லாம் சேர்ந்து கீழே இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். மலை சரிந்து மண்ணும் பாறையும் விழுந்து ஆற்றை மறித்த நிகழ்ச்சிகள் உண்மையில் உண்டு. 1893-இல் இமயத்தின் பிரகி கங்கையை ஒரு பெரும் சரிவு மறித்து கோனா ஏரி உருவானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது உடைந்தபோது, தந்தி வழியாக முன்னெச்சரிக்கை கொடுத்து மக்களை மேட்டுக்கு ஏற்றியிருந்ததால் பேரளவிலான உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. மண்ணும் பாறையும் எழுப்பிய தடுப்பின் கதியே அது என்றால், பனியை நம்பி ஓர் ஊரைக் காப்பது எளிதல்ல.

ஆனாலும் இந்தக் காரணத்துக்காக நான் படத்தைக் குறை சொல்லமாட்டேன். குரல் மாற்றும் கழுத்துப் பட்டையையும் மயக்க ஊசி எய்யும் கைக்கடிகாரத்தையும் முதல் நாளிலிருந்து ஏற்றுக்கொண்டவர்கள் நாம். கோனன் அந்த முடிவுக்கு எப்படி வந்தான் என்பதைப் படம் நமக்குக் காட்டவில்லை என்பதே என் குறை. மலையின் சாய்வையும் பனியின் தன்மையையும் பள்ளத்தாக்கின் வளைவையும் முன்பே, வேறு ஏதோ பேச்சின் நடுவில், நம் கண்முன் வைத்திருந்தால், கடைசியில் பலகை சறுக்கும்போது நாமும் அவனுடன் கணக்குப் போட்டிருப்போம். 2009 நவம்பரில் இங்கே மண்சரிவுகள் நிகழ்ந்தபோது, எந்தச் சரிவு எப்படி இறங்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் கையால் காட்டிச் சொன்னதைக் கேட்டவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லத் தெரிந்த கிராமத்துக் கிழவர் ஒருவர் படத்தில் இருந்திருந்தால், அந்த ஒருவரே போதுமானவராக இருந்திருப்பார்.

உதகையிலிருந்து ஒரு வாசகர்: குண்டும் வெடியும் புகுந்ததால்தான் இந்தப் படங்கள் கெட்டுவிட்டன என்கிறேன். சரிதானா?

பதில்: உங்கள் வருத்தத்தைப் பகிர்ந்துகொள்கிறேன், காரணத்தை ஏற்க இயலவில்லை. 1997-இல் வந்த முதல் படமே குண்டுகளைப் பற்றியதுதான். அதில் ஒரு பகுதியைச் சொல்கிறேன்.

நகரைச் சுற்றி வரும் வட்ட ரயில் தடத்தில் குண்டுகள் இருப்பதாகக் குற்றவாளி தொலைபேசியில் சொல்கிறான். ஓடும் ரயில்களின் வேகம் மணிக்கு 60 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் குண்டு வெடிக்கும். சூரியன் மறைவதற்குள் அகற்றாவிட்டாலும் வெடிக்கும். பெட்டிகளுக்குள் தேடுகிறார்கள், அடியில் தேடுகிறார்கள், எதுவும் கிடைக்கவில்லை. வேகத்தைப் பற்றிய நிபந்தனைக்கும் சூரியனைப் பற்றிய நிபந்தனைக்கும் என்ன உறவு என்று கோனன் யோசிக்கிறான். இரண்டையும் இணைப்பது வெளிச்சம். குண்டுகள் ரயிலில் இல்லை, தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கின்றன. அவற்றின் மேல் குறிப்பிட்ட சில விநாடிகளுக்கு மேல் வெளிச்சம் படாமல் போனால் வெடிக்கும். வேகமாகச் செல்லும் ரயிலின் நிழல் அந்த நேரத்துக்குள் கடந்துவிடும், மெதுவாகச் செல்லும் ரயிலின் நிழல் கடக்காது, இரவோ கடக்கவே கடக்காது. உடனே ரயில்களை வட்டத் தடத்திலிருந்து சரக்கு ரயில் தடத்துக்கு மாற்றி நிறுத்துகிறார்கள்.

இதில் நமக்குத் தெரியாத செய்தி ஒன்றுகூட இல்லை. வேகமும் சூரியனும் குற்றவாளியின் வாயிலிருந்தே வந்துவிட்டன, நாம்தான் சேர்த்துப் பார்க்கவில்லை. அங்கே குண்டுதான் புதிர். 15-ஆவது படத்திலோ குண்டு வெறும் குண்டாகவே இருக்கிறது. சுரங்க ரயில் காட்சி விறுவிறுப்பானதுதான், ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வியும் நம்முடன் மலைக்கு ஏறி வருவதில்லை.

குற்றவாளியை மறைத்தால்தான் மர்மம் என்பதும் இல்லை. 2002-இல் வந்த ஆறாவது படத்தில் கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குக் காட்டப்பட்டுவிடுகிறது. 50 பிள்ளைகள் ஒரு கணினி விளையாட்டுக்குள், 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவராவது இறுதிவரை தாக்குப்பிடித்து வென்றால்தான் அனைவரும் உயிர் பிழைப்பார்கள். ஏன் என்ற கேள்வியும் எப்படி என்ற கேள்வியும் நம்மை இழுத்துச் செல்கின்றன. இந்த வரிசையில் தலைசிறந்தது எது என்று கேட்டால் நான் தயங்காமல் சுட்டுவது அதைத்தான்.

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஜப்பானிய மொழி தெரியாமல் துணையெழுத்தை நம்பிப் பார்ப்பதால்தான் நமக்குச் சுவை குறைகிறதோ?

பதில்: சில கதைகளில் அது உண்மை. தொடரில் பல தடயங்கள் ஜப்பானிய எழுத்துகளை வைத்தே அமைந்தவை. 1998-இல் வந்த இரண்டாவது படத்தில், பாத்திரங்களின் பெயர்களில் ஒளிந்திருக்கும் எண்களின் வரிசையே வழக்கை நடத்துகிறது. அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர் விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டத்தான் முடியும். ஆனால் நாம் பேசும் படத்தில் அப்படிப்பட்ட தடை பெரிதாக இல்லை. பனியும் அணையும் நினைவிழந்த பிள்ளையும் எந்த மொழியிலும் புரிபவை.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி: ஆண்டுதோறும் தவறாமல் ஒரு படம் என்ற கட்டாயம்தான் காரணமா?

பதில்: ஓரளவுக்கு. ஏப்ரல் இறுதியில் தொடங்கும் ஜப்பானின் நீண்ட விடுமுறையைக் குறிவைத்து ஆண்டுக்கு ஒன்று வருகிறது. கொரோனாவால் 2020-இல் மட்டும் தள்ளிப்போனது. ஏறத்தாழ 110 நிமிடங்களுக்குள் ரான், அவள் தந்தை கோகோரோ, பேராசிரியர் அகாசா, சிறுவர் துப்பறியும் குழு என்று எல்லாருக்கும் ஒரு காட்சியாவது தர வேண்டும். மூலக்கதையின் போக்கையும் மாற்றக்கூடாது, ஆகவே படத்தின் முடிவில் ஒருவர் வாழ்க்கையிலும் ஒன்றும் மாறியிருக்க முடியாது. இந்தத் தளைகள் முதல் ஏழு படங்களை இயக்கிய கெஞ்சி கொடாமாவுக்கும் இருந்தன. 2011-இல் பொறுப்பேற்று, 2017 வரை வரிசையின் ஏழு படங்களை இயக்கிய கோபுன் ஷிஸுனோவின் காலத்தில் ஓட்டமும் பாய்ச்சலும் கூடின, யோசிக்கும் நேரம் குறைந்தது. மக்கள் அதை விரும்பவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2023-இல் வந்த படம் ஜப்பானில் மட்டும் ஆயிரம் கோடி யென்னைத் தாண்டி வசூலித்தது.

கூடலூரிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர்: பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு துப்பறியும் கதை எழுதுகிறேன். நடுவட்டத்தில் மூடுபனி நாளில் நடக்கும் கதை. இந்தப் படத்தின் தவறு என் கதையில் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும், ஐயா?

பதில்: தம்பி, துப்பறிபவர் ஒரு தடயத்தைக் கண்டவுடன் அதை வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்று ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929-இலேயே விதி வகுத்தார். அதை இறுகப் பற்றிக்கொள். முதலில் முடிவை எழுது. குற்றவாளி எந்த ஒரு பொருளால், எந்த ஒரு சொல்லால் மாட்டிக்கொள்கிறான் என்பதை முடிவுசெய்துவிட்டு, அந்தப் பொருளை முதல் இரண்டு பக்கங்களுக்குள், வேறு வேலையாக வருவதுபோல் கொண்டுவந்து வை. மூடுபனியை அழகுக்காக மட்டும் எழுதாதே. நடுவட்டத்தில் வளைவுக்கு வளைவு பனி மாறும். கீழ் வளைவில் கண்ணைக் கட்டினாற்போல் இருக்கும்போது மேல் வளைவில் வெயில் அடிக்கும். தூரத்தில் நின்ற லாரியின் எண்ணைத் தான் பார்த்ததாக ஒருவர் சொன்னால், அவர் எந்த வளைவில் நின்றிருந்தார் என்பதே உன் கதையின் உயிராகலாம். ஆட்களையும் குறைத்துக்கொள், நான்கு பேர் போதும், நால்வருக்கும் மறைக்க ஏதாவது ஒன்று இருக்கட்டும், அவற்றுள் மூன்று குற்றத்தோடு தொடர்பற்றவையாக இருக்கட்டும்.

மஞ்சூர் ஆசிரியையின் கடிதத்தின் பின்குறிப்பு: அடுத்த முறை பிள்ளைகளுக்கு எதைத் திரையிடலாம்?

பதில்: முதல் படத்தைத் திரையிடுங்கள். வட்ட ரயில் காட்சியில், கோனன் விடையைச் சொல்லப்போகும் இடத்துக்குச் சற்று முன்பு படத்தை நிறுத்திவிட்டு, வேகம், சூரியன் என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பத்து நிமிடம் கொடுங்கள். தவறான விடைகளையும் எழுதி வையுங்கள், அவற்றில் சில படத்தின் விடையைவிட நன்றாக இருக்கக்கூடும். உங்களிடம் அந்தக் கேள்வி கேட்ட சிறுமி என்ன விடை சொன்னாள் என்பதை எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.